நாணில் எந்த விரல்?

வில்லை மனதில் வைத்துக்கொண்டு கடலூர் மாவட்டத்துக்குள் நுழைந்தால் மூன்று ஊர்கள் வடக்கிலிருந்து தெற்காக வரிசை கட்டி நிற்கும். பண்ருட்டியை ஒட்டித் திருவதிகை. மேரு மலையை வில்லாக வளைத்துச் சிவன் முப்புரம் எரித்த தலம். நடுவில் நெய்வேலி, அங்கே வில்லுடையான்பட்டில் முருகன் வில்லேந்தி நிற்கிறார். தெற்கே சிதம்பரத்துக்குப் பக்கத்தில் திருவேட்களம். வேடனாக வந்த சிவனோடு அர்ச்சுனன் சண்டையிட்டுப் பாசுபதம் பெற்றதாகத் தலபுராணம் சொல்லும் இடம். மூன்றையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. பக்தி ஒரு காரணம். என் வலது கை இன்னொரு காரணம்.

இன்றைய பயிற்சிக் களங்களில் எல்லோரும் பழகுவதுபோல நானும் மூன்று விரல் பிடியில்தான் வில் பழகினேன். ஆள்காட்டி விரல் அம்புக்கு மேலே, நடுவிரலும் மோதிர விரலும் கீழே. கட்டைவிரலுக்கு வேலை கிடையாது. உள்ளங்கைப் பக்கம் மடங்கியிருக்கும். விரலுக்கும் நாணுக்கும் நடுவே ஒரு தோல் துண்டு. ஒலிம்பிக் போட்டியில் பார்க்கிறோமே, அதே பிடி. நீள வில்லுக்கு இது அருமையாகப் பொருந்தும். 68 அங்குல வில்லை முகவாய் வரை இழுத்தாலும் நாண் விரிந்த கோணத்திலேயே இருக்கும், மூன்று விரலுக்கும் அதில் இடம் கிடைக்கும்.

பிறகு குட்டை வில் மேல் ஆசை வந்தது. குதிரை வீரர்கள் வைத்திருந்த வளைவு வில்லின் வடிவம். கொம்புக்கும் தசைநாருக்கும் பதிலாகக் கண்ணாடி இழை. நீளம் 50 அங்குலம். இதை முழுதாக இழுத்தால் நாண் கூராக மடங்குகிறது. அந்த மடிப்புக்குள் மூன்று விரலும் நெரிபடுகின்றன. மோதிர விரலின் ஓரம் கன்றிப்போகிறது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அம்பின் வாலை இரண்டு பக்கமும் அமுக்குவதால் அம்பு வில்லை விட்டு விலகிவிடுகிறது. வில்லை மாற்றுவதா, பிடியை மாற்றுவதா என்பதுதான் கேள்வி.

நெய்வேலியில் ஓர் அண்ணன் இருக்கிறார். சுரங்கப் பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டைவிரலால் நாண் இழுப்பவர். அதற்கு வேண்டிய மோதிரத்தையும் தானே அராவிச் செய்துகொள்பவர். கிளம்பியது அவரைப் பார்க்கத்தான்.

திருவதிகை கெடிலக் கரை ஊர். அப்பரின் சூலை நோய் தீர்ந்ததும், திலகவதியார் திருத்தொண்டு செய்ததும் இங்கேதான். முப்புரக் கதையில் வில்லாளிக்கு ஆச்சரியம் தரும் இடம் ஒன்று உண்டு. பூமி தேர், பிரமன் சாரதி, மேரு வில், வாசுகி நாண், திருமால் அம்பு, அதன் முனையில் அக்னி என்று அண்டத்தையே திரட்டிய பிறகு, அம்பை விடாமலே சிரித்து எரித்துவிட்டார் என்று சொல்கிறார்கள். அம்பு கையிலேயே இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, நம் சிற்பிகள் திரிபுராந்தகரைச் செய்யும்போது வில் வளைத்த வேகத்தைவிட அம்பைப் பிடித்த விரலில் அதிகம் கவனம் வைத்தார்கள். தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ள சோழர் காலத் திரிபுராந்தகர் செப்புத் திருமேனியில் வில் இல்லை. உயர்ந்த இடக்கையும், இடுப்பளவில் வளைந்து நிற்கும் வலக்கை விரல்களுமே அங்கே வில்லையும் அம்பையும் காட்டிவிடுகின்றன. பெரிய கோயில் விமானத்தின் மேல் வரிசை மாடங்களிலும் இதே மூர்த்தி திரும்பத் திரும்ப வருகிறார்.

திருவதிகையில் சுதைச் சிற்பங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். ஆனால் சுதையை விரல் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு திருப்பணியிலும் பூச்சு ஏறும், வண்ணம் ஏறும், உடைந்த விரலை இன்றைய கைகள் இன்றைய கண்ணோடு ஒட்டவைக்கும். கல்லும் செம்பும் சொல்வதைத்தான் நம்பலாம். அவையும் முழுச் சாட்சி ஆகாது. சிற்ப நூல்கள் கடகம் என்றும் சிங்ககர்ணம் என்றும் சொல்லும் அந்த வளைந்த கை, அம்மன் கையில் பூப்பிடிக்கவும் வருகிறது. அழகுக்காக வளைத்ததையும் நாண் இழுக்க வளைத்ததையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பிரித்தாலும் ஒன்று மிச்சம் நிற்கும்: நம் மூர்த்திகளின் வலக்கையில் கட்டைவிரல் சும்மா கிடப்பதில்லை.

பண்ருட்டியிலிருந்து கும்பகோணம் சாலையில் பேருந்து தெற்கே போகிறது. இரு பக்கமும் செம்மண், முந்திரி, பலா. நெய்வேலி ஆர்ச் கேட் வந்ததும் ஊரின் முகமே மாறுகிறது. நேரான சாலைகள், நிழல் மரங்கள், வட்டங்களாகப் பிரித்த குடியிருப்பு. ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்ததில் ஆரம்பித்தது இந்த ஊரின் கதை. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது. 1957 மே மாதம் நேரு வந்து முதல் சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரியை எடுக்க அதன் மேல் கிடந்த மண்ணை மட்டும் அகற்றவில்லை. மண்ணின் மேல் இருந்த ஊர்களையும் அகற்றினார்கள். வீடும் வயலும் கொடுத்துவிட்டுப் போனவர்களை மறந்துவிட்டு நெய்வேலி மின்சாரத்தைப் பற்றிப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

வில்லுடையான்பட்டு சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலை வேலுடையான்பட்டு என்றும் சொல்கிறார்கள். பங்குனி உத்திரத்தன்று இந்தப் பக்கத்துச் சாலைகளெல்லாம் காவடியால் நிறைந்துவிடும். நான் போனது சாதாரண நாள். வேலவனை வேடனாக, வில்லும் அம்புமாக நினைத்துக் கும்பிடுவது குறவள்ளியின் கணவனுக்குப் பொருத்தம்தான். சந்நிதியில் மாலையும் அலங்காரமும் கையை மூடியிருந்தன. விரலைப் பார்க்க வந்தவனுக்கு முகம் மட்டும் கிடைத்தது. அதுவே போதும் என்று திருநீறு பூசிக்கொண்டு கிளம்பினேன்.

அண்ணன் வீடு வடக்குத்துப் பக்கம் இந்திரா நகரில். குவார்ட்டர்ஸைக் காலி செய்தவர்கள் நிறையப் பேர் அங்கே வீடு கட்டிக் குடியேறியிருக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் நீளவாக்கில் ஒரு துண்டு நிலம். அதன் கடைசியில் வைக்கோல் கட்டு. அதற்குப் பின்னால், தப்பும் அம்பைத் தாங்க, பழைய இரும்புக் கடையில் வாங்கிய கன்வேயர் பெல்ட் துண்டு திரை மாதிரி தொங்குகிறது. அவர் சின்ன வயதில் பார்த்த முதல் வில், ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் வில் வளைப்பு இரவன்று அர்ச்சுனன் வேஷக்காரர் வைத்திருந்த வண்ணம் பூசிய மர வில். கூத்து வில்லை யாரும் இழுத்து விடப்போவதில்லை. ஆனால் அன்றைக்கு மனதில் ஏறியது இறங்கவில்லை என்கிறார்.

என் கையைப் பிடித்து விரல்களைப் புரட்டிப் பார்த்தார். மோதிர விரலின் காய்ப்பைத் தடவினார்.

“வில்லு சின்னது, கை மட்டும் பெரிய வில்லோட கை. அது எப்படித் தம்பி ஒத்துப்போகும்?”

“அப்போ மூணு விரலையும் அம்புக்குக் கீழேயே வெச்சுப் பாக்கட்டுமா அண்ணே?”

“வெச்சுப் பாரேன்.”

வைத்துப் பார்த்தேன். மூன்று விரலும் அம்புக்குக் கீழே போனால் அம்பின் வால் நெரிபடாது. கை கன்னத்தில் பொருந்தும் இடத்தில் அம்பு கண்ணுக்குப் பக்கமாக வருவதால், கிட்டத்து இலக்கை அம்பின் வழியாகவே பார்க்க முடிகிறது. குறி பார்க்கும் கருவி எதுவும் இல்லாமல் போட்டியிடுகிறவர்கள் பலர் இதைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் இழுக்கும் மையம் கீழே இறங்குவதால் வில்லின் கீழ்க்கைக்குப் பாரம் கூடுகிறது. அதற்கேற்ப வில்லைச் சரிசெய்ய வேண்டும். நாணின் கூர்மடிப்பும் அப்படியே இருக்கிறது. மோதிர விரலை எடுத்துவிட்டு இரண்டு விரலால் இழுத்தேன். நெருக்கம் குறைந்தது, பாரம் இரண்டு விரலில் இறங்கியது. உரமான கைக்காரர்களுக்கு அது சரி.

இந்தப் பிடி வேறுபாடுகளை ஆராய்ந்தவர் ஒருவர் உண்டு. எட்வர்ட் மோர்ஸ் என்ற அமெரிக்க விலங்கியலாளர், ஜப்பானில் வேலை பார்த்தவர். ஜப்பானிய நண்பர் ஒருவரோடு அம்பு எய்தபோது, அவர் நாணைப் பிடிக்கும் விதம் தன்னுடையதிலிருந்து வேறாக இருப்பதைக் கண்டு ஆர்வம் கொண்டார். 1885இல் உலகத்தின் விரல் பிடிகளையெல்லாம் தொகுத்து எழுதினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அம்பின் வாலைக் கிள்ளி இழுப்பது அவர் கணக்கில் முதல் வகை. அதோடு மற்ற விரல்களைத் துணைக்குச் சேர்ப்பவை இரண்டாவதும் மூன்றாவதும். பிறகு மத்தியதரைக் கடல் நாடுகளின் மூன்று விரல் கொக்கி. கடைசியாக மங்கோலியர் முதல் துருக்கியர் வரை கையாண்ட கட்டைவிரல் கொக்கி. நம் ஊரில் கிள்ளிப் பிடித்தலுக்குத் தனியிடம் உண்டு. மண் உண்டையை எறியும் வில்லில் உண்டையைக் கிள்ளித்தான் இழுக்க முடியும். கம்பன் காவியத்தில் சிறுவன் இராமன் மந்தரையின் கூன் முதுகில் அடித்தது அப்படியொரு உண்டையால்தான். பாரம் கூடிய வில்லைக் கிள்ளி இழுக்க ஆகாது. விரல் நுனி வழுக்கிவிடும்.

அண்ணன் உள்ளே போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தார். அதில் பித்தளை மோதிரம், நைலான் ராடில் கடைந்தது, எருமைக் கொம்பில் அராவியது என்று பல அளவுகள். மோதிரத்தின் துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவம். பக்கவாட்டில் மாட்டி மூட்டைத் தாண்டியதும் கால் வட்டம் திருப்ப வேண்டும். அப்போதுதான் கழன்று விழாமல் எலும்பில் பிடிக்கும். ஒரு பக்கம் நாக்குபோல நீண்டு கட்டைவிரலின் சதையை மூடுகிறது. நாண் உட்காருவது அந்த நாக்கின் அடியில். முகலாயர் காலத்தில் இதே பொருளைப் பச்சைக்கல்லில் செய்து பொன் பதித்தார்கள். ஷாஜகானின் பட்டப்பெயர் பொறித்த மோதிரம் ஒன்று லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜப்பானியர் இதற்குக் கட்டைவிரல் விறைத்த தோல் கையுறை போடுகிறார்கள், கொரியர் இன்றும் கொம்பு மோதிரம் மாட்டுகிறார்கள்.

எனக்குப் பொருந்திய ஒன்றை மாட்டிவிட்டுப் பிடியைக் காட்டினார். கட்டைவிரல் அம்புக்குக் கீழே நாணைக் கொக்கியாக வளைக்கும். ஆள்காட்டி விரல் வந்து கட்டைவிரல் மேல் பூட்டாக உட்காரும். அதன் உட்பக்கம் அம்பை மெல்ல வில்லோடு சேர்த்து அணைக்கும். அதனால் அம்பு வில்லின் வலப்பக்கம் நிற்க வேண்டும். மூன்று விரல் பிடியில் இடப்பக்கம். இடப்பக்கம் அம்புக்குத் திண்ணை வெட்டிய வில்லை வைத்துக்கொண்டு கட்டைவிரல் பிடிக்கு ஆசைப்பட்டுப் பலன் இல்லை. நாணில் கொக்கி தொடும் இடம் ஒன்றே ஒன்று என்பதால் எவ்வளவு கூராக மடங்கினாலும் நெருக்கடி இல்லை.

“விரல மறந்துடு தம்பி. முழங்கையிலேருந்து இழு. விடும்போது எதையும் திறக்காத. பூட்ட மட்டும் தளத்து, நாணு அதுவா போயிடும்.”

போயிற்று. அம்பு விலகவில்லை.

மோதிரம் கொஞ்சம் ஆடியது. என் விரலுக்கென்றே ஒன்று செய்கிறேன் என்று வெர்னியர் காலிப்பரால் மூட்டின் அகலத்தையும் தடிமனையும் அளந்து, சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

அன்று இரவு திண்ணையில் பேச்சு தனுர்வேதத்துக்குப் போனது. வசிட்டர் பெயரால் வழங்கும் அந்த நூல் நாண் பிடிக்கும் கைக்கு ஐந்து முட்டிகளைச் சொல்கிறது. ஆள்காட்டி விரலை நீட்டி அதைக் கட்டைவிரலின் அடியில் சார்த்தினால் பதாகை, தூரத்துக்கு எய்ய. கட்டைவிரல் ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும் நடுவே நுழைந்தால் வச்சிரமுட்டி. கனத்த இரும்பு அம்பான நாராசத்துக்கு. ஆள்காட்டியின் நுனி கட்டைவிரலின் நடுவில் நின்றால் சிங்ககர்ணம். உறுதியான இலக்கைத் துளைக்க. நகத்தின் அடியில் நின்றால் மச்சரி, சித்திர இலக்குக்கு. கட்டைவிரல் நுனியிலேயே நின்றால் காகதுண்டி, நுண்ணிய இலக்குக்கு.

கடைசி மூன்றையும் கையில் செய்து பாருங்கள். ஆள்காட்டி விரல் கட்டைவிரலின் நடுவிலிருந்து நகத்துக்கும், நகத்திலிருந்து நுனிக்கும் ஏறுகிறது. பூட்டு படிப்படியாக இலேசாகிறது. பூட்டு எவ்வளவு இலேசோ அவ்வளவு சுத்தமாக நாண் விலகும். ஆனால் அவ்வளவு குறைந்த பாரத்தையே தாங்கும். கனமான அம்புக்கு ஆழமான பூட்டு, நுட்பமான குறிக்கு நுனிப் பூட்டு. வில்லைக் கையால் அறிந்த ஒருவர் சொல்லாமல் இந்த வரிசை வந்திருக்காது என்று நான் நம்புகிறேன். ஐந்திலும் கட்டைவிரல் உண்டு. ஒரே பிடிதான் சரி என்று அந்த நூல் சொல்லவில்லை. என்ன வேலை என்று கேட்டுவிட்டுப் பிடியைச் சொல்கிறது. நம் பயிற்சிக் களங்களில் முதல் நாளே எல்லோர் கையிலும் ஒரே தோல் துண்டைக் கொடுத்து மூன்று விரலில் நிறுத்திவிடுகிறோம். போட்டி வில்லுக்கு அது சரி. மரபு வில் பழக வருகிறவருக்கும் அதையே கொடுப்பது, அவர் நாட்டிலேயே இருந்த ஐந்து வழியையும் சொல்லாமல் அடைப்பதாகும்.

ஏகலைவன் நினைவு வராமல் இந்தப் பேச்சு முடியாது. துரோணர் கேட்டது வலக்கைக் கட்டைவிரலை. நாண் கட்டைவிரலில் இருந்ததால்தான் அந்தக் கேள்விக்கு அவ்வளவு கொடுமை. அந்த வெட்டு ஒருவன் வித்தையின் அச்சாணியையே கழற்றியது. அதற்குப் பிறகு அவன் மற்ற விரல்களால் எய்தான், ஆனால் முன்பிருந்த வேகம் இல்லை என்று பாரதம் சொல்கிறது. ஒரு மனிதன் பிடியை மாற்றிக்கொள்ள நேர்ந்ததை ஒரு காவியம் இவ்வளவு துல்லியமாகக் குறித்திருக்கிறது. மத்திய இந்தியாவின் பில் பழங்குடி வில்லாளிகள் பலர் இன்றும் கட்டைவிரலை நாணில் வைப்பதில்லை, ஏகலைவனை மனதில் வைத்து ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் இழுக்கிறார்கள். ராஜஸ்தானில் இப்படி மூங்கில் வில் பிடித்து வளர்ந்த பழங்குடிப் பிள்ளைதான் லிம்பா ராம். 1988, 1992, 1996 ஒலிம்பிக் மூன்றிலும் இந்தியாவுக்காக எய்தவர். குருவுக்குக் கொடுத்த விரலின் கதையை ஒரு மக்கள் கூட்டம் தன் கைகளில் வைத்துக் காப்பாற்றுகிறது என்பதை நினைக்கும்போது எனக்குத் துரோணர் மேல் இருக்கும் கோபம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

மறுநாள் அண்ணன் அரத்தோடு உட்கார்ந்துவிட்டார். நான் வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சிதம்பரம் போய்வந்தேன். கோபுர வாயில்களில் கரணச் சிற்பங்களைப் பார்த்தேன். வில்லைப் பிடிக்கச் சிகர முத்திரை, அம்பை மெல்ல இழுக்கக் கடகாமுக முத்திரை என்று அபிநய நூல் வகுத்துள்ளதை நாட்டியம் படிக்கும் பிள்ளைகள் அறிவார்கள். அண்ணாமலை நகரில் இருக்கும் திருவேட்களம் கோயிலில் கூட்டமே இல்லை. பாசுபதம் வாங்க வந்த அர்ச்சுனன் நாண் அறுந்தும் விடாமல் வில்லாலேயே வேடனை அடித்தான் என்பது இந்தத் தலத்துக் கதை. திருவதிகையில் அம்பு விடாத வில், இங்கே நாண் போன வில். வில்லுக்கு எய்வதைத் தவிரவும் வேலை உண்டு.

மாலையில் திரும்பியபோது மோதிரம் தயார். எருமைக் கொம்பு, கறுப்பில் ஓரிடத்தில் மட்டும் தேன் நிறம். உப்புத்தாள் தேய்த்து, எண்ணெய் போட்டு மெருகேற்றியிருந்தார். மாட்டித் திருப்பினேன்; எலும்பில் கவ்விக்கொண்டது. முதலில் பதாகைபோல விரல் நீட்டி இழுத்துப் பார்த்தேன். பிடி நழுவும் பயத்தில் தோள் இறுகியது. சிங்ககர்ணத்துக்கு மாறினேன். 30 பவுண்டுக் குட்டை வில்லுக்கு அதுதான் அமைந்தது. வெளிச்சம் இருக்கும்வரை எய்தோம்.

பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருத்தி தினமும் வந்து பழகுகிறாள். அவளுக்கு அண்ணன் கொடுத்திருப்பது நீளமான, பாரம் குறைந்த மூங்கில் வில்லும் தோல் துண்டும். மூன்று விரலும் அம்புக்குக் கீழே. அவளுக்கும் கட்டைவிரல் பிடியைச் சொல்லிக்கொடுக்கலாமே என்று கேட்டேன்.

“வளர்ற புள்ள. இன்னிக்கி அளவெடுத்தா ஆறு மாசத்துல மோதிரம் ஏறாது. இறுக்கிப் புடிச்சா மூட்டு வீங்கிப்போகும். வில்லும் நீளம், அவளுக்கு என்ன நெருக்கடி? கை நிக்கட்டும், அப்புறம் போட்டுத் தரேன்.”

சிறுமி என் மோதிரத்தை வாங்கி மாட்டிப் பார்த்தாள். பெரிதாக இருந்தது. தோல் துண்டை மாட்டிக்கொண்டு போய் வைக்கோல் கட்டின் நடுவில் அடித்துவிட்டு வந்தாள்.

என் முடிவு எளிதாகிவிட்டது. 68 அங்குல வில்லை எடுக்கும் நாளில் மூன்று விரல், குட்டை வில்லுக்குக் கட்டைவிரல். இரண்டுக்கும் கை தனித்தனியாகப் பழக வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் எடுக்காதே என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கிளம்பும்போது கட்டைவிரலை மறுபடி அளந்தார்.

“வெயில் காலத்துல விரலு உப்பும். அப்ப இது இறுக்கும், இழுத்து மாட்டாத. அரை மில்லி கூட வெச்சு இன்னொண்ணு போடறேன். சித்திரையில வந்து வாங்கிக்க.”